ஒளிந்திருந்து பார்க்கும் மீன்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

காகங்கள் தமக்குத் தீங்கு செய்த மனித முகத்தை நினைவில் வைத்துக்கொள்வதையும், அந்த மனிதரை நேரில் எதிர்கொள்ளாத குஞ்சுகள்கூடப் பெரிய காகங்களைப் பார்த்து அவரை அடையாளம் கண்டு கரைவதையும் பற்றி நீங்கள் எழுதியிருந்த கட்டுரையை என் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். நாங்கள் இருப்பது தென்காசி. குற்றாலத்துக்குப் போகாத பிள்ளை இங்கே இல்லை. அங்குள்ள குரங்குகள் பாட்டில் மூடியைத் திருகித் திறப்பதையும் பையின் ஜிப்பை இழுப்பதையும் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டது என்று வகுப்பில் பேச்சு வந்தது. அப்போது ஒரு மாணவி எழுந்து, "அப்படியானால் தனியாக வாழும் விலங்குகள் பார்த்துக் கற்றுக்கொள்ளாதா?" என்று கேட்டாள். கூட்டமாக வாழும் விலங்குகளுக்குத்தான் அந்தத் திறன் உண்டு, மற்றவற்றுக்கு அது தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு நான் சொன்னது சரிதானா என்ற ஐயம் வந்துவிட்டது. இந்தத் திறன் பிறவியில் வருவதா, வாழும் இடம் தருவதா? விளக்கினால் அவளிடம் திரும்பச் சொல்வேன்.

ஓர் அறிவியல் ஆசிரியை, தென்காசி

*

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

நீங்கள் வகுப்பில் சொன்ன பதிலை நீண்ட காலம் ஆய்வாளர்களும் ஏறத்தாழ அப்படியே நம்பியிருந்தார்கள் என்பதால், அதைச் சொன்னதற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை. கூட்டமாக வாழும் விலங்குக்குப் பார்ப்பதற்கு எப்போதும் பிற விலங்குகள் இருக்கின்றன, ஆகவே பார்த்துக் கற்கும் திறன் அதற்கு வளர்ந்திருக்க வேண்டும் என்ற வாதம் கேட்பதற்கு நேரானது. ஆனால் இரு விலங்கினங்களை அருகருகே வைத்துச் சோதித்தபோது அந்த வாதம் பல இடங்களில் நிற்கவில்லை. கூட்டம் என்பது வாய்ப்பைத் தருகிறது. அந்த வாய்ப்பை விலங்கு பயன்படுத்துமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வேறொன்று. தானே முயன்று கற்றுக்கொள்வதற்கு அந்த விலங்கு அந்த இடத்தில் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதே அது என்று நான் கருதுகிறேன். இதை விளக்க எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று குரங்கிலிருந்தோ காகத்திலிருந்தோ வரவில்லை. விரல் நீளமே உள்ள ஒரு மீனிடமிருந்து வருகிறது.

ஸ்டிக்கிள்பேக் என்று ஆங்கிலேயர் அழைக்கும் இந்தச் சிறு மீன்களின் முதுகில் முட்கள் வரிசையாக நிற்கும். இங்கிலாந்தின் ஓடைகளில் இவற்றில் இரண்டு இனங்கள் ஒரே நீரில், பல சமயம் கலந்த கூட்டங்களாகவே வாழ்கின்றன. ஒன்றுக்கு முதுகில் மூன்று முட்கள், மற்றதற்கு ஒன்பது. (எண்ணிக்கை மீனுக்கு மீன் சற்றுக் கூடும், குறையும், அதனால் இந்த இரண்டாவது இனத்தைப் பத்துமுள் மீன் என்று எழுதியவர்களும் உண்டு.) இரண்டும் நெருங்கிய உறவினங்கள், உண்பதும் ஏறத்தாழ ஒரே வகை இரை, இரண்டுமே கூட்டமாக நீந்துபவை. கூட்ட வாழ்க்கைதான் பார்த்துக் கற்கும் திறனைத் தருகிறது என்றால் இரண்டுக்கும் அது ஒரே அளவில் இருக்க வேண்டும்.

2003ஆம் ஆண்டு இசபெல் கூலன், கெவின் லாலண்ட் ஆகியோர் அடங்கிய குழு இதைச் சோதித்து வெளியிட்டது. ஒரு தொட்டியை மூன்றாகப் பிரித்து, நடு அறையில் கண்ணாடி போன்ற தடுப்புக்குப் பின்னால் ஒரு மீனைத் தனியாக விட்டார்கள். இரு ஓரங்களிலும் சில மீன்கள் இரை உண்டுகொண்டிருக்கும். ஒரு பக்கம் இரை அடிக்கடி விழும், மறுபக்கம் எப்போதாவது விழும். நடுவில் இருக்கும் மீனுக்கு இரை கண்ணில் படாதபடி அமைத்திருந்தார்கள். மற்ற மீன்கள் எத்தனை முறை பாய்ந்து கொத்துகின்றன என்பது மட்டுமே அதற்குத் தெரியும். பிறகு உண்ட மீன்களையும் எஞ்சிய இரையையும் அகற்றிவிட்டு, நடு மீனைத் திறந்துவிட்டார்கள். ஒன்பதுமுள் மீன், தான் ஒரு வாய்கூட உண்ணாத அந்தத் தொட்டியில், சற்றுமுன் வளமாக இருந்த பக்கத்தை நோக்கிச் சென்றது. மூன்றுமுள் மீன் இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்பதுபோல் போனது.

மூன்றுமுள் மீனுக்குப் பிற மீன்களைக் கவனிக்கவே தெரியாது என்று இதற்குப் பொருளில்லை. மற்ற மீன்கள் இருக்கும் இடத்தைப் பார்த்து அங்கே செல்ல அதற்கும் தெரியும். பிறர் அடைந்த வெற்றியின் அளவைத் தொலைவிலிருந்து எடைபோட்டு அதை நினைவில் கொள்ளும் அந்த ஒரு படி மட்டுமே அதனிடம் காணப்படவில்லை. 'கண்டது கற்கப் பண்டிதன் ஆவான்' என்று நாம் சொல்கிறோம். இரண்டு மீனும் கண்டது ஒன்றுதான், கற்றது ஒன்று மட்டுமே.

இதற்கான காரணத்தை ஆய்வாளர்கள் மீனின் மூளைக்குள் தேடவில்லை, அதன் உடம்பின் மேல் தேடினார்கள். மூன்றுமுள் மீனின் முட்கள் பெரியவை, விலாவில் எலும்புத் தகடுகள் கவசம்போல் அமைந்திருக்கின்றன. ஒன்பதுமுள் மீனின் முட்கள் சிறியவை, கவசமும் மெலிந்தது. இந்த வேறுபாடு என்ன செய்கிறது என்பது 1957இலேயே தெரிந்திருந்தது: நிக்கோ டின்பெர்கன், டெஸ்மண்ட் மாரிஸ், ஹூக்லாண்ட் ஆகியோர் பைக், பெர்ச் என்னும் வேட்டை மீன்களிடம் இரண்டையும் விட்டுப் பார்த்தபோது, மூன்றுமுள் மீனை வாயில் கவ்விய பிறகும் முட்கள் குத்தித் துப்பிவிடுவது அடிக்கடி நடந்தது, ஒன்பதுமுள் மீனுக்கு அந்த அளவு பாதுகாப்பு இல்லை. ஆகவே ஆபத்து நெருங்கும்போது ஒன்பதுமுள் மீன் நீர்ச்செடிகளுக்குள் ஒளிந்துகொள்கிறது. ஒளிந்திருக்கும் நேரத்தில் அதனால் இரை தேட முடியாது, ஆனால் வெளியே நின்று உண்பவற்றைப் பார்த்துக்கொண்டிருக்க முடியும். ஒவ்வோர் இடத்துக்கும் நீந்திச் சென்று வளத்தைத் தானே சோதித்துப் பார்ப்பது அதற்கு உயிரைப் பணயம் வைப்பது. கவசம் உள்ள உறவினனுக்கோ அது ஒரு சிறு அலைச்சல், அவ்வளவுதான்.

அந்த மீனின் கற்றல் கண்மூடித்தனமானதும் இல்லை என்பதைத் தொடர்ந்து வந்த ஆய்வு காட்டியது. எந்தப் பக்கம் வளமானது என்பதை முதலில் ஒன்பதுமுள் மீன்கள் தாமே உண்டு அறியும்படி செய்து, பிறகு அதற்கு நேர்மாறான காட்சியை, அதாவது வறிய பக்கத்தில் மற்ற மீன்கள் நன்றாக உண்பதை, அவற்றுக்குக் காட்டினார்கள். சொந்த அனுபவம் புதிதாக இருந்தபோது அவை மற்ற மீன்களைப் பொருட்படுத்தவில்லை. அனுபவம் ஏழு நாள் பழையதாகிவிட்டபோது, தாம் அறிந்ததை விட்டுவிட்டுப் பிறர் காட்டியதைப் பின்பற்றின. இனப்பெருக்கக் காலமும் இதில் தலையிடுகிறது: முட்டை சுமக்கும் பெண் மீன் பிறரைப் பார்த்து முடிவெடுப்பதிலும், கூடு கட்டத் துணிந்துவிட்ட ஆண் மீன் தன் சொந்த அறிவிலும் அதிகம் சாய்கின்றன. ஒரே இனத்துக்குள், ஒரே மீனின் வாழ்நாளுக்குள்ளேயேகூட ஆபத்தின் கணக்கு மாறும்போது கற்கும் வழியும் மாறுகிறது.

ஓர் இனத்துக்குள் என்றவுடன் நினைவுக்கு வருவது பார்படோஸ் தீவின் ஜெனைடா புறா. மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயி லெஃபெப்வரும் அவருடைய மாணவர்களும் அந்தச் சிறு தீவில் பல ஆண்டுகள் இந்தப் புறாவைக் கவனித்தார்கள். தீவின் பெரும்பகுதியில் இப்புறா இணையாக வாழ்ந்து தன் எல்லையைக் காப்பது. இன்னொரு புறா உள்ளே வந்தால் விரட்டும். ஆனால் துறைமுகத்தில், கப்பலிலிருந்து இறக்கும்போது தானியம் சிந்திக் கிடக்கும் இடத்தில், அதே இனப் புறாக்கள் சண்டையில்லாமல் பெருங்கூட்டமாக இரை பொறுக்குகின்றன. குவிந்து கிடப்பதையும் எப்போது வரும் என்று சொல்ல முடியாததையும் யாராலும் எல்லை போட்டுக் காக்க இயலாது என்பதால் அங்கே எல்லையே இல்லை.

இரு இடத்துப் புறாக்களையும் பிடித்துவந்து, புதிய முறையில் உணவெடுக்கப் பழக்கப்பட்ட பறவை ஒன்றைப் பார்க்கவைத்தார்கள். துறைமுகப் புறாக்கள் மற்றொரு புறாவைப் பார்த்துத் திறம்படக் கற்றன. எல்லை காக்கும் புறாக்கள், தம் இனத்தைச் சேர்ந்த ஆசிரியரைவிட, கிராக்கிள் என்னும் முற்றிலும் வேறான ஒரு கறுப்புப் பறவையைப் பார்த்து நன்றாகக் கற்றன. எல்லைக்குள் வாழும் புறாவுக்கு இன்னொரு புறா என்பது விரட்ட வேண்டிய எதிரி, கிராக்கிளோ அதன் எல்லைக்குள் இரை தேடி வந்து உணவு கிடைக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் அண்டைவீட்டான் என்பதை நினைத்தால் இது வியப்பாகத் தோன்றாது. இத்தனைக்கும் இரு கூட்டத்துக்கும் இடையே உள்ள தூரம் சில மைல்கள்தான். யாரிடமிருந்து கற்பது என்பதைக்கூட உணவு சிதறிக் கிடக்கும் விதம் தீர்மானித்துவிடுகிறது என்பதற்கு இதைவிடக் கச்சிதமான எடுத்துக்காட்டை நான் படித்ததில்லை.

உங்கள் பக்கத்து வாதத்துக்கும் ஆதரவு உண்டு. அதை மறைத்தால் நான் நேர்மையற்றவனாவேன். வட அமெரிக்காவின் மேற்கு மலைகளில் காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு பறவைகள் பைன் விதைகளைச் சேகரித்து மண்ணில் புதைத்துவைத்துப் பிறகு தோண்டி எடுத்து வாழ்கின்றன. பின்யோன் ஜே நூற்றுக்கணக்கில் கூடி வாழ்வது. கிளார்க் நட்கிராக்கர் பெரும்பாலும் தனித்தோ இணையாகவோ வாழ்வது. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், பின்யோன் ஜே தானே முயன்று கற்றதைவிடப் பிறரைப் பார்த்து விரைவாகக் கற்றது. நட்கிராக்கர் இரண்டு வழியிலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் கற்றது. கூட்ட வாழ்க்கைக்கும் பார்த்துக் கற்பதற்கும் தொடர்பு உண்டு என்பதற்கு இது சான்றுதான். ஆயினும் இதில் நட்கிராக்கர் தோற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தனித்து வாழும் பறவைக்கும் பார்த்துக் கற்க முடிந்தது. அதற்கு அதனால் கூடுதல் ஆதாயம் இல்லை, அவ்வளவே.

உங்கள் மாணவியின் கேள்விக்கு நேரான பதில் ஓர் ஆமையிடம் இருக்கிறது. தென் அமெரிக்காவின் செங்கால் ஆமை முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். குஞ்சு பொரிந்து வெளிவரும்போது தாயும் இல்லை, தந்தையும் இல்லை. வளர்ந்தபின்னும் அது கூட்டம் சேர்வதில்லை. அன்னா வில்கின்சனும் அவருடைய குழுவினரும் 2010இல், 'V' வடிவ வேலி ஒன்றின் மறுபக்கத்தில் உணவை வைத்து, சுற்றிப்போனால்தான் அதை அடைய முடியும் என்று அமைத்தார்கள். தாமாக முயன்ற ஆமைகளில் ஒன்றுகூட வழி காணவில்லை. பழக்கப்பட்ட ஆமை ஒன்று சுற்றிச் செல்வதைப் பார்த்த ஆமைகள் உணவை அடைந்தன. ஆகவே அவளிடம், தனியாக வாழும் விலங்கும் பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்று தயங்காமல் சொல்லலாம்.

அப்படியானால் 'பார்த்துக் கற்கும் திறன்' என்று தனியான ஒன்று உண்டா என்ற சிக்கல் எழுகிறது. செசிலியா ஹேய்ஸ் என்ற உளவியலாளர், பிறரைப் பார்த்துக் கற்பதும் தானாகக் கற்பதும் மூளையின் ஒரே பொறிகளால்தான் நடக்கின்றன, வேறுபடுவது எதன் மேல் கவனம் போகிறது என்பது மட்டுமே என்று வாதிடுகிறார். ஆமையையும் புறாவையும் பார்க்கையில் இந்த வாதம் எனக்குப் பெரிதும் ஏற்புடையதாகத் தோன்றுகிறது. எல்லை காக்கும் புறாவின் கண் அயல் புறாவின் மேல் படும்போது அதன் அலகு எதைத் திறக்கிறது என்று பார்க்காமல் அது எங்கே நிற்கிறது என்றே பார்க்கும். சூழல் மாற்றியமைப்பது கற்கும் பொறியை என்பதைவிட, அந்தப் பொறிக்குள் எது போகிறது என்பதையே. ஒன்பதுமுள் மீனின் காரியத்தில் மட்டும் இதைத் தாண்டியும் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் படுகிறது, ஏனெனில் மூன்றுமுள் மீனும் அதே காட்சியை அதே தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

தானே கற்பதன் விலை எப்போதும் உயிராபத்தாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சில சமயம் தானாகக் கற்பது ஏறத்தாழ நடக்கவே முடியாத காரியமாக இருக்கும். இஸ்ரேலில் மனிதர்கள் நட்டு வளர்த்த ஜெருசலேம் பைன் காடுகளில் அணில்கள் இல்லை. அணில் இல்லாத அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது எலி: நம் வீட்டுப் பரணில் ஓடும் அதே கறுப்பு எலியினம். மரத்தின் மேலேயே கூடு கட்டி, பைன் கூம்பைக் கடித்து உள்ளிருக்கும் விதையைத் தின்று வாழ்கிறது. கூம்பின் செதில்கள் இறுகி மூடியிருக்கும். அடிப்பகுதியில் தொடங்கிச் சுருள்வட்டமாகச் செதில்களை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போனால்தான் விதையில் கிடைக்கும் சக்தி உரிப்பதற்குச் செலவான சக்தியைவிட மிஞ்சும். தோன்றிய இடத்தில் கடித்தால் நட்டம். டெல் அவீவ் பல்கலைக்கழகத்தின் ஜோசப் டெர்கெல் வேறிடங்களில் பிடித்த எலிகளுக்கு இந்தக் கூம்புகளைக் கொடுத்துப் பார்த்தார். பசியிலும் அவை இந்த முறையைத் தாமாகக் கண்டுபிடிப்பது மிக அரிதாகவே இருந்தது.

உரிக்கத் தெரியாத தாயின் குட்டிகளை உரிக்கத் தெரிந்த தாயிடம் வளர்த்தபோது அவை கற்றுக்கொண்டன. ஆகவே இது பிறவியில் வந்ததில்லை. பிறகுதான் இதில் எனக்கு மிகப் பிடித்த பகுதி வருகிறது. தாய் உரித்துக்கொண்டிருக்கும் கூம்பைக் குட்டி பிடுங்கிக்கொண்டு போய், தாய் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. தாயே தேவையில்லை, அடியில் சில வரிசைச் செதில்களை மனிதர்கள் குறடால் உரித்துவைத்த கூம்பைக் கொடுத்தாலும் பல எலிகள் கற்றுக்கொள்கின்றன. அதாவது குட்டி தாயின் கையசைவைப் பார்த்து நகலெடுக்கவில்லை. பாதி முடிந்த ஒரு வேலை அதன் வாயில் வந்து சேர்கிறது, மீதியை அது தானே முயன்று கற்கிறது. நாம் 'பார்த்துக் கற்றது' என்று ஒரே சொல்லில் அடக்குவதற்குள் இப்படிப் பல வழிகள் இருக்கின்றன. ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைநிலத்தில் மீர்கட் என்னும் கீரிக் குடும்ப விலங்கு தேளை முதலில் கொன்றும், குட்டி வளர்ந்ததும் கொடுக்கை மட்டும் நீக்கியும், இறுதியில் உயிரோடும் கொடுத்துப் பழக்குவது இதன் இன்னோர் எல்லை.

சூழல் திறனைத் தராமல் வாய்ப்பை மட்டும் தருவதும் தடுப்பதும் உண்டு. சுமத்ராவின் சுவாக் பாலிம்பிங் சதுப்புக் காட்டில் ஒராங்குட்டான்கள் நீசியா என்ற பழத்தைக் குச்சியால் கிளறி உண்கின்றன. கொழுப்பு மிகுந்த அந்த விதைகளைச் சுற்றி, தோலில் பட்டால் குத்தும் மயிர்கள் அடர்ந்திருப்பதால், குச்சியை வாயில் கவ்வி மயிரை வழித்துவிட்டு விதையை எடுக்கின்றன. ஆற்றுக்கு மறுகரையிலும் அதே பழமரம் உண்டு, அதே ஒராங்குட்டான் உண்டு. குச்சி மட்டும் இல்லை. ஒராங்குட்டான் ஆய்வாளர் கேரல் வான் ஷெய்க்கின் விளக்கம் இது: சுவாக் காட்டில் உணவு மிகுதியாக இருப்பதால் ஒராங்குட்டான்கள் வேறெங்கும் காணாத நெருக்கத்தில் வாழ்கின்றன, ஒன்றையொன்று சகித்துக்கொள்கின்றன, ஒன்று உண்ணும்போது மற்றொன்று அருகில் அமர்ந்து பார்க்க முடிகிறது, எங்கோ எப்போதோ ஒன்று கண்டுபிடித்த நுட்பம் அழியாமல் அடுத்த தலைமுறைக்குப் போக அந்த நெருக்கம் வேண்டும். காட்டின் வளம் கூட்டத்தை உண்டாக்கி, கூட்டம் நுட்பத்தைக் காப்பாற்றுகிறது. இங்கே உங்கள் பதிலும் என் பதிலும் ஒன்றாகிவிடுகின்றன, வரிசை மட்டும் வேறு.

இந்தியாவில் நடந்த ஒரு சோதனையையும் மாணவர்களிடம் சொல்லலாம், ஏனெனில் தேனீ நடனம் அவர்கள் ஏற்கெனவே கேள்விப்பட்டதாக இருக்கும். பூ இருக்கும் திசையையும் தொலைவையும் தேனீ அடையின் மேல் ஆடிக் காட்டுகிறது. செங்குத்தான அடையில் மேல்நோக்கிய திசையைச் சூரியனின் திசையாகக் கொண்டு அந்தக் கோணத்தில் ஆடுகிறது. கூட்டைப் படுக்கவைத்து, சூரியனும் வானமும் தெரியாமல் மறைத்துவிட்டால் ஆட்டம் தொடரும், ஆனால் திசை குழம்பிவிடும். அன்னா டோர்ன்ஹாஸும் லார்ஸ் சிட்காவும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், இப்படித் திசையைக் குழப்பிவிட்டுக் கூட்டுக்கு வந்துசேரும் உணவை அளந்தார்கள். ஐரோப்பிய நிலங்களில் பெரிய இழப்பு எதுவும் தெரியவில்லை. இந்தியாவின் வெப்பமண்டலக் காட்டில் உணவு வரவு வெகுவாகச் சரிந்தது. பூக்கள் எங்கும் பரவலாக இருக்கும் நிலத்தில் எந்தப் பக்கம் பறந்தாலும் ஏதாவது கிடைக்கும். எங்கோ ஒரு மரம் மட்டும் குலுங்கப் பூத்து, சில நாளில் முடிந்துபோகும் காட்டில், அந்த மரத்தைக் கண்டுவந்தவளின் சொல் இல்லாமல் கூடு பட்டினி கிடக்கும். நடனம் இரண்டு இடத்திலும் ஒன்றே. அதன் மதிப்பை நிலம் நிர்ணயிக்கிறது. தேனீக்களின் இந்த மொழி வெப்பமண்டலத்தில் தோன்றியிருக்கலாம் என்ற கருத்துக்கு இது வலுவூட்டுகிறது.

சூழல் மெல்ல மாறாமல் திடீரென்று மாறினால் என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்காவின் மெய்ன் வளைகுடாவில் வாழும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் சான்று. அவற்றின் உணவான ஹெர்ரிங் மீன் வளம் சரிந்து, மணல் ஈல் எனப்படும் சிறு மீன்கள் பெருகிய காலத்தில், 1980இல், ஒரு திமிங்கிலம் வாலால் நீர்ப்பரப்பை அறைந்துவிட்டுப் பிறகு, மீன்களைச் சுற்றி வளைக்கும் காற்றுக் குமிழி வலையை விடுவதைக் கண்டார்கள். 2007க்குள் அது அந்தக் கடற்பகுதித் திமிங்கிலங்களில் ஏறத்தாழ 37 விழுக்காட்டினரிடம் பரவியிருந்தது. கூடி நீந்தும் தோழமை வலையின் வழியே அது பரவியது என்பதை 27 ஆண்டுப் பதிவுகளைக் கொண்டு 2013இல் நிறுவினார்கள்.

பிறவியா, இடமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு 'இரண்டும்' என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. பிறவி எதற்கு ஆயத்தம் செய்துவைக்கிறது என்பதைக் காட்டும் சோதனை ஒன்று உண்டு. ஆய்வுக்கூடத்தில் பிறந்து வளர்ந்த ரீசஸ் குரங்குகளுக்குப் பாம்பைக் கண்டு அச்சமில்லை. வேறொரு குரங்கு பாம்பைக் கண்டு அலறுவதை காணொளிக் காட்சியில் பார்த்தால் அவையும் பாம்புக்கு அஞ்சத் தொடங்குகின்றன. சூசன் மினேக்காவும் மைக்கேல் குக்கும் அதே அலறலை ஒரு பூவுக்கு நேராக வருமாறு காட்சியை வெட்டி ஒட்டிக் காட்டினார்கள். குரங்குகள் பூவுக்கு அஞ்சவில்லை. பாம்புகள் நிறைந்த நிலத்தில் வாழ்ந்த எண்ணற்ற தலைமுறைகள், எதைப் பிறரிடமிருந்து எளிதில் கற்பது என்ற சாய்வை அவற்றுக்கு விட்டுச் சென்றிருக்கின்றன. கற்றது இந்தத் தலைமுறையில். கற்கத்தக்கது எது என்பது பழைய சூழலின் எச்சம்.

குற்றாலத்துக்கு வருவோம். நாட்டுக் குரங்கு என்று நாம் அழைக்கும் அந்த இனம் மனிதர்களோடு பழகுவதில் வல்லது. பந்திப்பூரில் இவை உணவு வைத்திருக்கும் மனிதரைப் பார்த்துக் கையை நீட்டி, தனியான ஒரு குரலெழுப்பி உணவு கேட்பதை அனிந்தியா சின்ஹாவும் அவருடைய குழுவினரும் 2018இல் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். இந்தக் குரங்குகளுக்கு நாமே சூழல். நம் பையும் பாட்டிலும் அவற்றின் பழமரங்கள். ஆனால் மூடியைத் திருகும் குரங்கு இன்னொன்றைப் பார்த்துத்தான் கற்றது என்று மாணவர்கள் உடனே முடிவு கட்டியதில் எனக்குத் தயக்கம் உண்டு. அருவிக்கரையில் பாட்டில்கள் நாள்தோறும் குவிகின்றன. எந்தக் குரங்கும் ஆயிரம் முறை தானே கடித்து, உருட்டி, திருகிப் பார்க்கலாம், தவறினால் இழப்பு ஒன்றுமில்லை. நான் மேலே சொன்ன கணக்குப்படி, பிறரைச் சார்ந்து கற்க வேண்டிய அவசியம் குறைவான இடம் அது. ஜப்பானின் கோஷிமா தீவில் இமோ என்ற இளம் பெண் குரங்கு 1953இல் தொடங்கிய சர்க்கரைவள்ளிக் கிழங்கு கழுவும் பழக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1958க்குள் இரண்டு முதல் ஏழு வயதுக்குட்பட்ட 19 குரங்குகளில் 15 கழுவின, அதற்கு மூத்த 11 குரங்குகளில் இரண்டு மட்டுமே கழுவின. பார்த்துக் கற்றதற்கு இதுவே முதன்மைச் சான்று என்று பாடநூல்கள் சொல்லிவந்தபோது, பென்னட் கேலஃப் இத்தனை மெதுவாகப் பரவியது ஏன், ஒவ்வொரு குரங்கும் நீரோரத்தில் மணல் ஒட்டிய கிழங்கோடு விளையாடித் தனித்தனியே கற்றிருக்கக் கூடாதா என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் முழுதாக அடங்கவில்லை.

அடுத்த முறை மாணவர்கள் அருவிக்குப் போகும்போது, குரங்குகளுக்கு எதுவும் கொடுக்காமல், தள்ளி நின்று சிலவற்றை மட்டும் குறித்துவரச் சொல்லுங்கள். ஒரு குரங்கு பாட்டிலைத் திறக்கும்போது ஒரு கை தூரத்துக்குள் குட்டி இருக்கிறதா. அது பார்ப்பது கையையா, முகத்தையா, சிந்தும் பானத்தையா. தாய் போட்டுவிட்ட பாட்டிலை எடுக்கிறதா, எடுத்தால் அந்த மூடி ஏற்கெனவே தளர்ந்திருக்கிறதா. பெரிய ஆண் குரங்கு திறக்கும்போது மற்றவை நெருங்குகின்றனவா, விலகி ஓடுகின்றனவா. கேள்வி கேட்ட மாணவியிடம் நோட்டைக் கொடுங்கள். அவள் எழுதிவருவதை எனக்கு அனுப்பினால், தளர்ந்த மூடியைப் பற்றிய பக்கத்தை முதலில் படிப்பேன்.

அன்புடன்.